வழியில் எழுதிய குறிப்பேடும் மேசையில் எழுதிய கட்டுரையும்: தன்னை அறிதல் எங்கே நிகழ்கிறது?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பயணமும் ஓவியமும் இசையும் ஒருவர் தன்னை அறிந்துகொள்ளும் வழிகள் என்று நானே பல இடங்களில் எழுதியிருக்கிறேன். பிறர் எழுதியபோதும் தலையாட்டிப் படித்திருக்கிறேன். சென்ற வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது கையில் அகப்பட்ட ஒரு சிறு குறிப்பேடு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. உங்களில் நெடுந்தூரம் நடப்பவர்களும் வரைபவர்களும் பாடுபவர்களும் இருப்பதால், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டு உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பதினொரு நாட்கள் தொடர்ந்து ஒரு மலைப்பாதையில் நடந்தேன். வேலையிலும் வாழ்க்கையிலும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்ற காலம் அது. திரும்பி வந்து எட்டு மாதங்கள் கழித்து அந்த நடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் அனைவரும் பாராட்டியது ஏழாம் நாளைப் பற்றிய பத்தியை. நான் முகட்டை அடைந்தபோது மேகம் விலகியது என்றும், கீழே விரிந்த பள்ளத்தாக்கைத் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில், அதுவரை பிறர் கண்ணுக்காகவே வாழ்ந்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது என்றும் எழுதியிருந்தேன். அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். கேட்டவர்களுக்கு வாய்மொழியாகவும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது கிடைத்திருப்பது வழியிலேயே, அன்றன்று இரவு, பென்சிலால் எழுதிய குறிப்பேடு. ஏழாம் நாளுக்குரிய பக்கத்தில் நான்கே வரிகள் இருக்கின்றன: "இடது காலணியின் நாடா அறுந்தது. காலை முதல் மழை. மதியம் கோபம். யாரோடும் பேசவில்லை." முகடும் இல்லை, விலகிய மேகமும் இல்லை. எட்டாம் நாளிலும் ஒன்பதாம் நாளிலும் தேடிப் பார்த்தேன், அங்கும் இல்லை.

நான் பொய் எழுதவில்லை என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் பென்சில் எழுத்தும் என்னுடையதுதான். தன்னை அறிதல் என்று நாம் பேசுகிறோமே, அது வழியில் நிகழ்கிறதா, அல்லது வந்து சேர்ந்த பிறகு மேசையில் உட்கார்ந்து நாமாகச் சேர்த்துக்கொள்வதா?

சந்தேகி எழுதியது:

வணக்கம், நெடுவழி அவர்களே. தன் பயணக் கட்டுரையைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் ஒருவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. உங்கள் கேள்விக்கு என்னுடைய விடை எளியது: சேர்த்துக்கொண்டீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா தம் நண்பர் லுசிலியஸுக்கு எழுதிய கடிதங்களில் 28ஆவது இதைப் பற்றியதுதான். இவ்வளவு தூரம் சுற்றியும் இத்தனை இடங்களைப் பார்த்தும் மனச்சோர்வு நீங்கவில்லையே என்று வியக்கும் நண்பரிடம், மாற்ற வேண்டியது மனத்தையே தவிர வானத்தை அன்று என்றும், எங்கே போனாலும் உன் குறைகள் உன்னோடு வரும் என்றும் அவர் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த வாதத்துக்கு யாரும் சரியான பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இடையில் பயணச் சீட்டின் விலைதான் மாறியிருக்கிறது.

மறுபக்கம் ஒருவரைப் பாருங்கள். 1964இல் மறைந்த இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ மொராண்டி, போலோஞா நகரத்தில் தம் சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில், படுக்கையும் வேலை மேசையும் ஒன்றாகக் கிடந்த ஓர் அறையில், அதே சில குப்பிகளையும் சாடிகளையும் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். இத்தாலியின் எல்லையை அவர் முதன்முதலாகத் தாண்டியதே 1956இல், அறுபது வயதைக் கடந்த பிறகுதான். தன்னை அறிய மலை ஏற வேண்டும் என்றால் அந்த மனிதரை எந்தக் கணக்கில் வைப்பது?

ஓரக்குறிப்பு எழுதியது:

நெடுவழி அவர்களுக்கு: உங்கள் குறிப்பேட்டையும் கட்டுரையையும் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும், கேலிச் சிரிப்பு அன்று. உலக இலக்கியத்தில் மிகவும் மதிக்கப்படும் இரண்டு பயணிகள் நீங்கள் இப்போது நிற்கும் அதே கூண்டில் நின்றிருக்கிறார்கள்.

முதலாமவர் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். 1336 ஏப்ரல் 26ஆம் நாள் தெற்குப் பிரான்சிலுள்ள, ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரமான வென்டூ மலையில் தம் தம்பியோடு ஏறியதாக ஒரு நீண்ட கடிதத்தில் எழுதியிருக்கிறார். தம்பி செங்குத்தான நேர்வழியில் ஏறிப் போய்விடுகிறார்; அண்ணன் எளிய வழி தேடித் தேடிப் பள்ளத்தில் இறங்கித் திரும்பத் திரும்பக் களைக்கிறார். உச்சியில், கையோடு கொண்டுபோயிருந்த புனித அகஸ்டினின் நூலை ஏதோ ஒரு பக்கத்தில் திறக்கிறார். மலைகளின் உயரத்தையும் கடலின் அலைகளையும் வியக்கச் செல்லும் மனிதர்கள் தம்மைத் தாமே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்ற வரி கண்ணில் படுகிறது. வாயடைத்துப்போய், மலையடிவாரம் சேரும் வரை ஒரு சொல்லும் பேசாமல் இறங்கி வருகிறார். பயணத்தில் ஒருவர் தன்னைக் கண்டுகொண்டதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? ஆனால் ஏறி இறங்கிய அன்று மாலையே எழுதியதுபோல் தோன்றும் அந்தக் கடிதம், இன்று நாம் படிக்கும் வடிவத்தில், ஏறத்தாழ 1353ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்தத் துறவி 1342இலேயே இறந்துவிட்டார்.

இரண்டாமவர் ஜப்பானியக் கவிஞர் பாஷோ. 1689இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்திலிருந்து ஜப்பானின் வடபகுதிக்குச் சோரா என்ற சீடரோடு நடந்தார். அந்தச் சிறிய பயண நூலை அவர் ஆண்டுக்கணக்கில் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1694இல் அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1702இல்தான் அது அச்சேறியது. உடன் நடந்த சோராவும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். தேதி, தங்கிய இடம், மழை, வெயில் என்று உங்கள் பென்சில் குறிப்பைப் போன்ற வறண்ட குறிப்பு. 1943இல் அது வெளியானபோது நூலுக்கும் நாட்குறிப்புக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. இச்சிபுரி என்ற ஊரின் விடுதியில், அடுத்த அறையில் இரண்டு கணிகையர் தங்கியிருந்ததாகப் பாஷோ எழுதும் நெகிழ்ச்சியான பகுதி சோராவின் குறிப்பில் இல்லவே இல்லை.

இவர்களைப் பொய்யர்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெட்ரார்க்குக்கு அந்த ஏற்றம் எதைப் பற்றியது என்று விளங்கப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்றும் ஒருவர் படிக்கலாம். உங்களுக்கு எட்டு மாதங்களில் விளங்கிவிட்டது. நீங்கள் சற்று அவசரப்பட்டுவிட்டீர்களோ என்பதுதான் என் ஐயம்.

நெடுவழி எழுதியது:

ஓரக்குறிப்பு அவர்களே, பெட்ரார்க்கோடும் பாஷோவோடும் ஒரே கூண்டில் நிற்பது பெருமைதான், ஆனால் அது என் சங்கடத்தைக் குறைக்கவில்லை. அவர்கள் இலக்கியம் செய்தார்கள். நான் என் வாழ்க்கையை அந்தப் பத்தியின் மேல் கட்டியிருக்கிறேன். அந்தத் தெளிவை நம்பித்தான் வேலையை விட்டேன். அடித்தளத்தில் இருப்பது பாறையா, நான் வரைந்த பாறையின் படமா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கரித்துண்டு எழுதியது:

நான் அதிகம் பயணம் செய்பவள் அல்லள். வரைவேன், அதுவும் பெரும்பாலும் கரியால். எனவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் தினமும் காலையில் அரை மணி நேரம் என் இடது கையை வரைவது என்று வைத்திருந்தேன். மாதிரிக்கு ஆள் வேண்டாம், பணம் வேண்டாம், கை எப்போதும் கூடவே இருக்கும். முதல் மாதத்துப் படங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன, அதாவது கை போலவே இருந்தன. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: ஏறத்தாழ ஒவ்வொரு படத்திலும் சுண்டுவிரல் நேராக இருந்தது. என் சுண்டுவிரல் நேரானதன்று. நுனிக் கணுவில் உள்பக்கமாக நன்றாகவே வளைந்திருக்கும். தொண்ணூறு நாள் அதன்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, விரல் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனோ அதையே வரைந்திருக்கிறேன். என்னைப் பற்றி நான் அறிந்துகொண்ட உறுதியான செய்திகளில் அதுவும் ஒன்று. அது விரலைப் பற்றியது மட்டும் அன்று என்பது எனக்கு உடனே புரிந்தது. இருந்தாலும் அதை இங்கே விரிக்க மாட்டேன்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இளமையிலிருந்து 1669இல் இறந்த ஆண்டு வரை, எண்ணெய் ஓவியம், செதுக்கல் அச்சு, கோட்டோவியம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ எண்பது முறை அவர் தம் உருவத்தையே வரைந்திருக்கிறார். லண்டனில் கென்வுட் மாளிகையில் இருக்கும் முதுமைக்காலத் தன்னுருவ ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் தூரிகையைக் கண்ணாடியில் தெரிந்தபடியே எதிர்க்கையில் வரைந்துவிட்டுப் பிறகு கை மாற்றியிருப்பது தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்: தன்னைப் பார்ப்பதற்கு அவருக்குக் கண்ணாடியைத் தவிர வேறு வழியில்லை, அந்தக் கண்ணாடியோ இடவலம் மாற்றித்தான் காட்டும். கண் கண்டதைக் கை முதலில் அப்படியே எழுதியது, பிறகு அவருக்குத் தெரிந்த உண்மை அதைத் திருத்தியது. என் சுண்டுவிரல் விவகாரத்துக்கு இது நேர் எதிர். கண்டதும் உண்மை, திருத்தியதும் உண்மை என்று சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். நெடுவழி அவர்களின் கட்டுரை எந்த வகைத் திருத்தம் என்பதை அவரேதான் சொல்ல வேண்டும்.

சந்தேகி எழுதியது:

கரித்துண்டு அவர்களின் சுண்டுவிரலை ஏற்கிறேன், முழு மனதோடு. ரெம்பிராண்டை அவ்வளவு எளிதில் விட முடியாது. அந்தப் படங்களில் பல, குறிப்பாக இளமைக்காலச் செதுக்கல்கள், கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணிக் கோணி வியப்பு, சினம், சிரிப்பு என்று பாவங்களைப் பழகுவதற்காகச் செய்தவை. புகழ் பெற்ற ஓவியரின் கையால் வந்த அவருடைய உருவத்தை வாங்குவதற்கு அன்றைக்கு ஆட்களும் இருந்தார்கள். அவற்றையெல்லாம் ஆன்மாவின் தேடலாகப் படிப்பது பின்னால் வந்தவர்கள் பூட்டிய கண்ணாடி. அவர் தேடியது நல்ல முகபாவமும் நல்ல விலையும் என்றால், அதற்காகப் படங்கள் ஒரு மாற்றுக்கூடக் குறைந்துவிடாது.

நினைவைப் பற்றியும் ஒரு சொல். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வுகளில், பழக்கமில்லாத ஒரு பழங்கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. புரியாத நிகழ்ச்சிகள் உதிர்ந்தன. எஞ்சியவை எழுதியவர்களுக்குப் பழக்கமான வடிவத்துக்கு நகர்ந்தன. அவர்களில் யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. மேகம் விலகும் முகடு நமக்கெல்லாம் பழக்கமான வடிவம், நெடுவழி அவர்களே. அறுந்த நாடா அப்படியல்ல.

கரித்துண்டு எழுதியது:

விற்றார் என்பதால் தேடவில்லை என்று ஆகாது, சந்தேகி அவர்களே. இரண்டும் ஒரே கையால் நடக்கும். வரைபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மந்தரம் எழுதியது:

இவ்வளவு நேரம் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். காதையும் சற்றுக் கேளுங்கள்.

நான் முப்பது ஆண்டுகளாகப் பாடுகிறேன், இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். மாணவர்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி ஒரு நிமிடம் பாடிப் பதிவு செய்து தாமே கேட்பது. விதிவிலக்கில்லாமல் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். இது நான் இல்லை என்று சிலர் சொல்லியே விடுவார்கள். காரணம் எளியது. நம் குரல் காற்று வழியாகக் காதுக்கு வருவதோடு, மண்டை ஓட்டின் எலும்பு வழியாகவும் உட்செவிக்கு வருகிறது. எலும்பு கீழ்ச்சுரங்களைச் சற்றுக் கூட்டிக் கடத்தும் என்பதால் நம் குரல் நமக்கு எப்போதும் கனமாகவே ஒலிக்கிறது. பதிவுக் கருவிக்கு அந்த எலும்பு கிடையாது. உலகம் முழுவதும் ஒருவருடைய குரலை ஒரு மாதிரி கேட்டுக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் அதை வேறு மாதிரி கேட்டுக்கொண்டு வாழ்நாளைக் கழிக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. முதல் வாரம் அவர்களுக்குக் குரலின் நிறம் பிடிக்காது. இரண்டாம் வாரம் அதை மறந்துவிட்டு, மேலே போகும்போது எந்த இடத்தில் மூச்சை இறுக்குகிறோம், சுருதி இறங்கியது தெரிந்தும் எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டி மறைக்கிறோம் என்பதைக் கேட்கத் தொடங்குவார்கள். மறைக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் ஒன்று. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை, பாட்டில் மறைக்கிறவர்கள் பேச்சிலும் அதே முறையில்தான் மறைக்கிறார்கள். என்னுடையது, தெரியாத இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுவது. தாழ்ந்த சுரநிலையைக் குறிக்கும் இந்தப் புனைபெயரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம் என்று சிலர் கேலி செய்வார்கள்.

க்ளென் கூல்ட் என்ற கனடா நாட்டுப் பியானோ கலைஞர் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகள் என்ற இசைப்படைப்பை 1955இல் பதிவு செய்தார், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து 1981இல் மீண்டும் பதிவு செய்தார். முதலாவது 38 நிமிடங்கள் அளவில் முடிந்துவிடும், இரண்டாவது 51 நிமிடங்கள். இரண்டாவதில் சில பகுதிகளைத் திருப்பி வாசித்தார் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் தொடக்கப் பகுதியை மட்டும் கேட்டாலே போதும். இரண்டு வெவ்வேறு மனிதர்கள். பழைய பதிவை வாசித்தவரின் மனநிலையோடு தம்மால் ஒன்ற முடியவில்லை என்று அவரே ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். நெடுவழி அவர்களே, நீங்கள் குறிப்பேட்டைப் பார்த்துத் திகைப்பது இதைத்தான் போலும். ஒரு வேறுபாடு உண்டு. கூல்டிடம் இரண்டு பதிவுகளும் இருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கிழிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

சந்தேகி அவர்களின் மொராண்டிக்கு என் பக்கத்திலிருந்து ஒருவரைத் தருகிறேன். சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸ் புகழின் உச்சியில், முப்பது வயது நிறையும் முன்பே, தம் வாசிப்பில் தமக்கே நிறைவில்லை என்று 1959இல் மேடையை விட்டு விலகினார். அண்டை வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்ததால் வீட்டில் ஊதித் தொந்தரவு செய்ய விரும்பாமல், நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைமேடைக்குப் போய் 1961 வரை அங்கே பயிற்சி செய்தார். கீழே ஆறு, அருகில் ரயில், கேட்க ஆள் இல்லை. திரும்பி வந்து 1962இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டவர்கள் பலர், பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லையே என்று ஏமாந்தார்கள். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அவர் கண்டது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நடுநிசி எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் நடப்பவனும் அல்லன், வரைபவனும் அல்லன், பாடவும் வராது. பார்ப்பதும் கேட்பதும்தான். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் பங்கு உண்டா என்று கேட்க நினைத்தேன், பிறகு எப்போதோ படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில் 16 பேருக்கு 109 ஓவியங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு மனத்தைத் தொட்டது என்று ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் கேட்டு, அதே நேரத்தில் மூளையின் செயல்பாட்டையும் பதிவு செய்தார்கள். நாம் வெளியுலகை விட்டுவிட்டு நம்மைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும்போது இயங்கும் சில பகுதிகள் மூளையில் உண்டு. ஓவியம் பார்க்கும்போது அவை பொதுவாக அடங்கியே இருந்தன. நான்கு மதிப்பெண் பெற்ற ஓவியங்களைப் பார்க்கும்போது மட்டும் அந்த அடக்கம் தளர்ந்தது; மூன்று பெற்றவற்றுக்குக்கூட அப்படி நிகழவில்லை. இன்னொன்று: எந்த ஓவியத்துக்கு நான்கு என்பதில் அந்தப் பதினாறு பேரும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை.

எது அழகு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எந்த இசைக்கு என் உடம்பு நின்றுவிடுகிறது என்பதைக் குறித்துவைத்தால், அந்தப் பட்டியல் என்னைப் பற்றி ஏதோ சொல்லும் என்று தோன்றுகிறது. குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒன்பது. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

சந்தேகி எழுதியது:

நடுநிசி அவர்களே, அந்த ஒன்பதில் எத்தனை உங்கள் பதின்ம வயதில் கேட்டவை என்று எண்ணிப் பாருங்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே முதுமை வரை அதிகமாக மேலெழுகின்றன என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. இசைக்கும் அது பொருந்தும். நீங்கள் கண்டுபிடிக்கப்போவது உங்களையாக இருக்கலாம், உங்கள் வீட்டு வானொலியாகவும் இருக்கலாம்.

நடுநிசி எழுதியது:

எண்ணினேன். நான்கு. மீதி ஐந்து எங்கிருந்து வந்தன என்று இப்போது இன்னும் குழப்பம்.

ஓரக்குறிப்பு எழுதியது:

ஒரு சொல்லைப் பற்றி இடையில் சொல்லிக்கொள்கிறேன், இழையை விட்டு விலகவில்லை என்று நம்புகிறேன். தமிழில் அகம் என்றால் உள், மனம். அகம் என்றால் வீடும்கூட. வெளியே போவதை நாம் வீட்டை விட்டுப் போவது என்றும், உண்மையைக் காண்பதை உள்ளே போவது என்றும் பேசுகிறோம். ஆனால் மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. எனவே நெடுவழி அவர்கள் வழியில் எதையும் காணாமல் வீட்டுக்கு வந்து மேசையில் கண்டார் என்றால், அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இருந்தாலும் சந்தேகி அவர்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஓவியர் பால் கிளே 1914 ஏப்ரலில் இரு நண்பர்களோடு துனீசியாவுக்குப் போனார். அங்கே தங்கியது இரண்டு வாரங்களுக்கும் குறைவு. கைரவான் நகரத்தில் ஒரு மாலை, நிறம் தம்மை ஆட்கொண்டுவிட்டது என்றும் தாம் ஓவியர் என்றும் நாட்குறிப்பில் எழுதினார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. பல ஆண்டுகளாக வரைந்துகொண்டிருந்தவர். நிறத்துக்கு மட்டும் அஞ்சியவர். கலை வரலாற்றில் இவ்வளவு துல்லியமாகத் தேதியிட்ட தன்னறிதல் அரிது. ஆனால் அந்த நாட்குறிப்புகளைப் பின்னாளில் அவரே திருத்தி எழுதிப் படியெடுத்தார் என்பதும் தெரிந்த செய்தி. உடன் சென்ற ஆகஸ்ட் மாக்கெ அதே ஆண்டு செப்டம்பரில் போர்முனையில் இறந்துபோனார். அந்த மாலையைப் பற்றிக் கிளே என்ன எழுதினாலும், அதைச் சரிபார்க்கக்கூடிய நண்பர் ஒருவர் குறைந்துவிட்டார்.

நெடுவழி அவர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் தனியாகத்தான் நடந்தீர்களா?

நெடுவழி எழுதியது:

ஐந்து நாட்களாக இந்தப் பக்கம் வரவில்லை. ஓரக்குறிப்பு அவர்களின் கடைசிக் கேள்விதான் காரணம்.

தனியாக நடக்கவில்லை. இருவர் சென்றோம். கட்டுரையை மீண்டும் முழுவதும் படித்துப் பார்த்தேன். பதினான்கு பக்கங்களில் அவர் ஓர் இடத்தில்கூட இல்லை. "நாங்கள்" என்ற சொல்லே இல்லை. பயணம் முடிந்து சில மாதங்களில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது, பேச்சு நின்றுவிட்டது. கட்டுரை எழுதியது அதற்குப் பிறகு. அவரை நீக்க வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்த நினைவு எனக்கு இல்லை. கரித்துண்டு அவர்களின் சுண்டுவிரலைப் போல நேராகிவிட்டது.

அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், ஏழாம் நாளைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டு. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஓர் ஒலிக்கோப்பு வந்தது, உடன் ஒரு வரியும் இல்லை. கூடாரத்தின் மேல் மழை விழும் ஓசையைப் பதிவு செய்வதற்காகக் கைபேசியை வைத்திருக்கிறார் போலும். நான்கு நிமிடம் சில நொடிகள். முதல் நிமிடத்தில் யாரோ ஒருவர் அறுந்த காலணி நாடாவைப் பற்றி ஓயாமல் குறைபட்டுக்கொள்கிறார். இப்படிக் கீச்சென்று பேசுவது யார், நாங்கள் இருவர்தானே இருந்தோம் என்று யோசித்து, அது நான் என்று விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. "யாரோடும் பேசவில்லை" என்று எழுதிய அதே நாள். பிறகு அவர் ஏதோ சொல்கிறார், மழையில் கேட்கவில்லை. நான் சிரிக்கிறேன். நன்றாகவே சிரிக்கிறேன்.

ஆக, கட்டுரையும் சரியில்லை, குறிப்பேடும் சரியில்லை. பள்ளத்தாக்கைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அது ஏழாம் நாள் அன்று, நான்காம் நாள் என்றும், மேகம் விலகியது உண்மைதான் என்றும், முதலில் பார்த்துவிட்டு என்னைக் கூவி அழைத்தது தாம் என்றும் எழுதியிருக்கிறார். நான்காம் நாளுக்குக் குறிப்பேட்டில் பக்கமே இல்லை. அன்று எழுதாமல் தூங்கிவிட்டேன் போலும்.

வேலையை விட்டதைப் பற்றிச் சந்தேகி அவர்கள் கேட்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அதற்காக இப்போதும் வருந்தவில்லை. ஏன் விட்டேன் என்று சொல்ல மட்டும் இனி வேறு கதை வேண்டும்.

ஒலிக்கோப்பின் கடைசி ஒரு நிமிடத்தில் பேச்சு நின்றபின் நான் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கிறேன். எந்தப் பாட்டு என்று எத்தனை முறை கேட்டும் பிடிபடவில்லை. அவருக்கும் தெரியவில்லையாம்.

சந்தேகி எழுதியது:

நான் கேட்பதாக இல்லை. ஆனால் நான்காம் நாள் என்று அவர் சொல்வதும் ஒரு நினைவுதான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மந்தரம் எழுதியது:

நெடுவழி அவர்களே, அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்புங்கள். மழையோசையைக் குறைத்துவிட வேண்டாம். மெட்டு எங்கே மூச்சு வாங்குகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.